கிளாக்கரின் மண்ணிறக் கோட்

2024 ஜூன் 4, செவ்வாய்

கடையை ஆறு மணிக்கே மூடிவிட்டு மேல்மாடிக்குப் போனேன். புதிதாக வந்த பொலிஸ் தொப்பியைப் பொருத்திப் பார்க்கும் வேலை. பழைய சிங்களப் பகிடிப் படம் ஒன்றில் சார்ஜன்ட் வேஷக்காரர் போட்ட தொப்பி என்று தந்தவர் சத்தியம் பண்ணினார். சத்தியத்தையெல்லாம் நான் கணக்கில் எடுப்பதில்லை. படத்தை ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டி, திரையில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் சார்ஜன்ட் குனிகிறார். தொப்பியின் விளிம்பில் இடப்பக்கம் ஒரு கீறல். என் கையிலிருந்த தொப்பியிலும் அதே இடத்தில் அதே கீறல். அல்ஹம்துலில்லாஹ்! லேபலில் நேரத்தை எழுதி ஒட்டினேன்: 52 நிமிடம், 10 விநாடி.

இதோடு முப்பத்தொரு உடுப்பு. கண்டி மாப்பிள்ளைமாருக்குக் கோட் சூட் தைத்துக் கொடுத்தும் வாடகைக்கு விட்டும் பிழைக்கிற இந்த அஸீம் டெய்லரிடம் இப்படி ஓர் அலுமாரி இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒவ்வொன்றும் நடிகர்கள் உடுத்தித் திரையில் வந்தது. கழுவக் கூடாது, யாரும் போட்டுப் பார்க்கக் கூடாது, ஊசி படவே கூடாது. அலுமாரிக்கு நான் போட்ட சட்டம்.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவி ருக்கியா சொன்னாள்: "ஊருல எல்லாரும் படம் பாக்குற. நீங்க மட்டும் உடுப்பு பாக்குற. கதை என்னெண்டு கேட்டா வாயில பதில் இல்ல."

உண்மைதான். சார்ஜன்ட் எதற்குக் குனிந்தார் என்று எனக்கு இப்போதும் தெரியாது.

ஜூன் 5, புதன்

முப்பத்தொரு லேபலில் ஒன்றில் மட்டும் நேரம் எழுதும் கட்டம் காலி. கிளாக்கரின் மண்ணிறக் கோட். படமே முடியவில்லை, எதைப் பார்த்து எழுத?

ஜூன் 9, ஞாயிறு

நினைத்தால் வந்து நிற்கும் என்பது சரிதான். சுமன், அலவத்துகொடவில் இருக்கும் என் வீட்டையே தேடி வந்துவிட்டார். மண்ணிறக் கோட்டின் படத்தை, «ஏழாம் நம்பர் மலை»யை, எடுக்கத் தொடங்கி இடையில் நின்றுபோன டைரக்டர். நாவலப்பிட்டிக்காரர். மூன்று வருஷத்தில் தலை பாதி நரைத்துவிட்டது.

அந்தப் படம் பட்ட பாட்டை வேறெந்தப் படமும் பட்டிருக்காது. 2021இல் தொடங்கினார்கள். பதினொரு நாள் மழை. மழை விட்டதும் ஊரடங்கு. அடுத்த வருஷம் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. டீசல் வந்தபோது கெமராக்காரர் கனடாவுக்குப் போய்விட்டார், பணம் போட்ட முதலாளியும் கையை விரித்துவிட்டார். படத்தில் வரும் கல்யாணக் காட்சிக்கு என் கடையிலிருந்து ஒன்பது கோட் கொடுத்திருந்தேன். வாடகை வேண்டாம், கதாநாயகன் போட்ட கோட்டைத் தாருங்கள் என்று கேட்டு வாங்கினேன். சுமனே கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். கோட் என்னுடையது.

"நானா, திரும்ப ஆரம்பிக்கிறோம்ங்க. ஒரே ஒரு சீன்தான் பாக்கி. கோட்ட ரெண்டு நாளைக்குக் குடுத்தீங்கன்னா போதும்" என்றார் சுமன், அண்ணனைக் கூப்பிடுகிற உரிமையோடு.

தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரின் கதை. அவர் ஒரு தொழிலாளிப் பெண்ணின் பேரை வேலைப் பதிவுச் செக்ரோலிலிருந்து வெட்டிவிடுகிறார். அவளுக்கு வேலை போய்விடுகிறது. ஓர் இரவு முழுக்க ஆபீசில் அந்தக் கோட்டோடு உட்கார்ந்திருந்துவிட்டு, விடியற்காலையில் கதவைத் திறக்கிறார். திறப்பதை மூன்று வருஷத்துக்கு முன்பே எடுத்தாகிவிட்டது. வெளியே கால் வைப்பதை இன்னும் எடுக்கவில்லை. அந்தப் பழைய ஆபீசை ஜூலை நடுவில் இடிக்கப் போகிறார்களாம். தோட்டத்தில் ஜூலை 6, 7 இரண்டு நாள் மட்டும் அனுமதி.

"இதே மாதிரி ஒன்று தைத்துத் தருகிறேன்" என்றேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். என்னைப் போல ஒருத்தன் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தால் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடுவான்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

ஜூன் 10, திங்கள்

யோசிக்க என்ன இருக்கிறது? மழையில் எடுக்கப் போகிறார்கள். தரமாட்டேன்.

பகல் சோற்றைச் சாப்பிட்டபடி இதை ருக்கியாவிடம் மார்தட்டிச் சொன்னேன். அவள் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"படம் முடியாட்டி அது படத்துல வந்த கோட்டா? மூணு வருஷமா அலுமாரில ஈக்கிறது சும்மா ஒரு பழைய கோட்டு. அதுக்குத்தான் இவ்வளவு காவலா?"

எனக்கு வந்த கோபம்! சோற்றை அரைவாசியில் வைத்துவிட்டு எழுந்தேன். எழுந்து எங்கே போக? முற்றத்தில் நின்றேன். அவள் சொன்னதில் பிழை எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. இருபத்தேழு வருஷமாகத் துணியோடு கிடக்கிறேன், இது எனக்குத் தோன்றவில்லையே? படம் வராவிட்டால் என் அலுமாரியிலேயே பெரிய பொய் அந்தக் கோட்தான்.

ஜூன் 11, செவ்வாய்

சுமனுக்குப் போன் பண்ணினேன். தருகிறேன் என்றேன். அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

ஜூன் 17, திங்கள்

ஹஜ்ஜுப் பெருநாள். கடை இல்லை, கோட் நினைப்பும் இல்லை. வட்டிலப்பம் இரண்டு தரம் சாப்பிட்டேன்.

ஜூன் 22, சனி

பெரிய சோலி வந்துவிட்டது.

கிளாக்கராக நடிக்கிற ராஜலிங்கம் சேர் கடைக்கு வந்தார். நாவலப்பிட்டியில் பாடசாலை ஆசிரியர், மேடை நாடகத்தில் ஊறிய மனிதர். கோட்டைப் போடச் சொன்னேன். பொத்தானுக்கும் பொத்தான் துளைக்கும் நடுவில் இரண்டு அங்குல இடைவெளி!

"தம்பி, டொக்டர் சொன்னாருன்னு சிகரெட்ட விட்டேன். வயிறு என்னைய விடல" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் கண்ணாடியில் தன்னைப் பார்த்த முகத்தில் சிரிப்பு இல்லை. அந்தக் காட்சிக்காக மூன்று வருஷம் காத்திருந்தவர்.

கோட்டைப் புரட்டிப் பார்த்தேன். முதுகுத் தையலுக்குள்ளும் இரண்டு பக்கத் தையலுக்குள்ளும் மடித்துவிட்ட துணி இருக்கிறது. பிரித்து விட்டால் இரண்டு அங்குலம் கிடைக்கும். கண்டியில் பிரித்தது தெரியாமல் இதைச் செய்யக்கூடிய டெய்லர் ஒருத்தன்தான் இருக்கிறான். அவன்தான் ஊசி படக் கூடாதென்று சட்டம் போட்டவன்.

ஜூன் 25, செவ்வாய்

பிரித்தேன்.

பிஸ்மி சொல்லித்தான் பிளேடை வைத்தேன். முதல் நூல் அறுந்ததும், ஆயிரம் கோட் வெட்டிய கை தானாக வேலையைப் பிடித்துக்கொண்டது.

உள்ளே மடிந்திருந்த துணி புதுசு போல இருட்டு நிறம். வெளியே வெளிறிப்போன மண்ணிறம். அப்படியே விட்டால் முதுகில் கோடு போட்ட மாதிரி தெரியும். வெயிலில் போடலாமென்றால் கண்டியில் ஆனி மாசம் வெயில் எங்கே? சேண்ட் பேப்பரால் பூவைத் தடவுகிற மாதிரி தடவித் தடவி வெளிற வைக்கிறேன். விரல் நுனியெல்லாம் எரிகிறது.

ஜூன் 27, வியாழன்

முடிந்தது! தையல் எங்கே என்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது. நான் நல்ல டெய்லர். இதை யார் சொல்லாவிட்டாலும் நானே சொல்வேன். போட்டோ எடுத்துக் கலாராணிக்கு அனுப்பினேன். கண்டி மஹய்யாவக்காரி, படத்தில் உடுப்பெல்லாம் அவள் பொறுப்பு. பாராட்டு வரும் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

போன் அடித்தது. எடுத்தால் அலறல்.

"ஐயோ நானா! என்னா வேல பாத்து வச்சிருக்கீங்க! கோட்ட அயன் பண்ணிட்டீங்களா?"

யா அல்லாஹ்.

பண்ணிவிட்டேன். ஈரத்துணி போட்டு, ஆவி பிடித்து, மாப்பிள்ளைக் கோட் மாதிரி விறைப்பாக. யாரும் சொல்லவில்லை, நான் யோசிக்கவும் இல்லை. தைத்து முடிந்தால் ஸ்திரிக்கைப் பெட்டியை எடுப்பது, அதுதான் என் கைக்குத் தெரிந்த வேலை. கதவைத் திறக்கிற கிளாக்கர் இரவெல்லாம் உட்கார்ந்து கசங்கின கோட்டோடு திறக்கிறார். வெளியே வரும்போது கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வருவாரா? மூன்று வருஷம் யாரையும் தொட விடாமல் காத்த கசங்கலை நானே அழித்துவிட்டேன். முழங்கை மடிப்பு, பைத் தொங்கல், ஒன்றும் இல்லை. மடையன்! கழுவக் கூடாதென்று சட்டம் போட்டேனே, அயன் பண்ணக் கூடாதென்று ஏன் போடவில்லை?

ருக்கியா இன்று ஒரு பகிடியும் விடவில்லை. அதிலிருந்தே தெரிகிறது எவ்வளவு மோசமென்று.

ஜூன் 28, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து கடைக்கு வந்தால் கலாராணி படியில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் பழைய படப்பிடிப்புப் போட்டோக்கள், மொத்தமே ஐந்து. எல்லாம் முன்பக்கம். "கை மடிப்பு எங்க எங்க இருந்துச்சுன்னு எனக்கு எப்புடி நானா ஞாபகம் இருக்கும்?" என்று அழுகிற குரலில் கேட்டாள்.

அப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். என்னிடம் அறுபத்துநான்கு இருக்கிறது! எந்த உடுப்பு வந்தாலும் அலுமாரியில் வைப்பதற்கு முன் அங்குலம் அங்குலமாகப் போட்டோ எடுப்பது என் பழக்கம். பிறகு திரையோடு பொருத்திப் பார்க்க வேண்டுமே. மேல்மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். இடது முழங்கையில் மூன்று மடிப்பு, வலதில் இரண்டு, வலப்பை சாவிக்கொத்துப் பாரத்தில் ஒரு பக்கம் சரிந்து, காலர் பின்னால் மடங்கி. எல்லாம் இருக்கிறது.

"நானா, நீங்க ஒரு மாதிரி ஆளுதான். ஆனா நல்ல மாதிரி" என்றாள் கலாராணி.

தண்ணீர் தெளித்து, போட்டோவைப் பார்த்துப் பார்த்து மடித்து, நூலால் கட்டித் தொங்கவிட்டோம். அது போதாது, உடம்பில் கசங்க வேண்டும் என்றாள். ஆக, என் இன்னொரு சட்டமும் போனது. ராஜலிங்கம் சேர் வருகிற வாரம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவார். வலப்பையில் சாவிக்கொத்தோடு, மேசையில் முழங்கை ஊன்றி.

ஜூலை 3, புதன்

ராஜலிங்கம் சேர் போன் பண்ணினார். பிள்ளைகள் "கிளாக்கர் சேர்" என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்களாம். மடிப்பு விழுந்துவிட்டதாம்.

ஜூலை 6, சனி

நாவலப்பிட்டிக்கு மேலே தோட்டம். கடையை மூடிவிட்டுப் போனேன். என் கோட் போகிற இடத்துக்கு நான் போகாமல்?

மழை சொன்ன நேரத்துக்கு வந்தது. இந்தப் படத்துக்கு முதல் தடவையாக. ராஜலிங்கம் சேர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். போட்டோவை ஒரு கையில் பிடித்துப் பார்த்தேன். மடிப்புக்கு மடிப்பு அதே கோட். சுமன் என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

காட்சி இதுதான்: கிளாக்கர் மழையில் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு நடந்து போகிறார். பேர் வெட்டப்பட்ட பெண் வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறாள். அவர் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போர்த்துகிறார். அவள் அதைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும். அந்தப் பெண்ணாக வேலாயி. நடிகையில்லை, அதே தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவள்.

கோட் தோளில் விழுந்தது. வேலாயி அழவில்லை. அவரையே பார்த்தாள். பிறகு தோளை ஒரு தடவை அசைத்தாள். அவ்வளவுதான். கோட் வழுக்கிச் சேற்றில் விழுந்தது.

என் வாயிலிருந்து சத்தம் வந்திருக்க வேண்டும், கலாராணி கையால் என் வாயைப் பொத்தினாள். சுமன் "கட்" சொல்லவில்லை. ராஜலிங்கம் சேர் கோட்டையும் எடுக்கவில்லை, போகவுமில்லை. மழைக்குள் அப்படியே நின்றார்.

எடுத்து முடிந்த பிறகு சுமன் வேலாயியிடம் கேட்டார், ஏன்மா அழாமல் விட்டீர்கள் என்று.

"அதெப்புடிங்க போத்திக்குவேன்? எம்பேர வெட்டுன ஆளு கோட்டுங்க அது."

கோட்டைச் சேற்றிலிருந்து நான்தான் தூக்கினேன். வேலாயி பக்கத்தில் வந்து, "கழுவித் தரவாங்க?" என்றாள். வேண்டாம் என்றேன்.

ஜூலை 8, திங்கள்

சேறு காய்ந்துவிட்டது. ருக்கியா மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். அலுமாரியில் பழைய இடத்திலேயே தொங்கவிட்டேன். லேபலில் நேரக் கட்டம் இன்னும் காலி.

2025 பெப்ரவரி 15, சனி

இன்று கண்டியில் «ஏழாம் நம்பர் மலை». ஒரே ஒரு காலைக் காட்சி. ஹோல் நிறைந்துவிட்டது, நாவலப்பிட்டியிலிருந்து மட்டும் இரண்டு பஸ். வேலாயி மஞ்சள் சேலையில் முன்வரிசையில். சுமன் உள்ளே வரப் பயந்து வெளியிலேயே நின்றார்.

நான் சகல ஆயத்தத்தோடும் போனேன். மணிக்கூடு, பேனா, சின்ன டோர்ச், கொப்பி. கிளாக்கர் வெளியே வந்து முதுகைக் காட்டும்போது தையல் தெரிகிறதா பார்க்க வேண்டும், கோட் சேற்றில் விழுகிற நேரத்தை விநாடியோடு குறிக்க வேண்டும். படம் தொடங்கிய நேரத்தைக் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 10.17.

கொப்பியில் அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

விளக்குப் போட்டபோது என் தாடி நனைந்திருந்தது. அந்த மனுஷன் கதவைத் திறந்தார், மழைக்குள் போனார், அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். முதுகைப் பார்க்கவில்லை. தையலைப் பார்க்கவில்லை. மணியும் பார்க்கவில்லை. இனி எப்போது போடுவார்களோ? மூன்று வருஷம் காத்திருந்துவிட்டு இப்படியா விடுவது?

"தையல் தெரிந்ததா?" என்று ருக்கியாவிடம் கேட்டேன்.

"எந்தத் தையல்?" என்றாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. பிறகு ஹேண்ட்பேக்கைத் திறந்து டிக்கட்டை என் கையில் வைத்தாள். பின்பக்கத்தில் அவளுடைய கோணல் எழுத்து: சேத்துல விழுந்த நேரம் - படம் தொடங்கி 1 மணி 41 நிமிஷம்.

"விநாடி தெரியா. போனைப் பாக்கக் கண்ணு மங்கிப் போச்சு."

கடைக்கு வந்ததும் டிக்கட்டை அப்படியே லேபலின் காலிக் கட்டத்தில் ஒட்டினேன். விநாடி இல்லாத லேபல் என் அலுமாரியில் இது ஒன்றுதான்.