கேள்விக்குறிக்கு ஓர் அனுமதி

பிப்ரவரி 9

அன்புள்ள அழுத்தக்காரிக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். போனில் கேட்டால் 'ம்' என்பாய், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. உன் அலுவலக மின்னஞ்சலையோ நாலு பேர் படிக்கிறார்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஆராய்ச்சி மாணவிகளாக விடுதியில் இருந்தபோதும் பேப்பரைக் கொடுத்தால்தான் உனக்குப் பேச்சு வரும்.

நேற்று எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம். அணுமின் துறைக்கு முனைவர் பட்ட ஆய்வாளர்களை உருவாக்குவது எப்படி என்று பேசினார்கள். உங்கள் கம்பெனியிலிருந்து வந்த பெரிய அதிகாரி, "எங்களுக்கு ஆள் வேணும், அனுபவம் உள்ளவங்க எல்லாம் ஓய்வு பெறப்போறாங்க, படிச்ச பிள்ளைங்களைக் குடுங்க" என்று உருகினார். எனக்குப் பக்கத்தில் கேள்விக்குறி உட்கார்ந்திருந்தாள். என் மாணவிதான். ஒல்லி உடம்பு, முன்னால் வளைந்த கழுத்து, வாயைத் திறந்தால் கேள்வி. ஆய்வகத்தில் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

உலைக்குள் பல வருடம் கதிர்வீச்சு வாங்கிய எஃகு எந்த அளவுக்கு எளிதில் உடையக்கூடியதாக மாறுகிறது என்பது அவள் ஆய்வு. அந்த எஃகுத் துண்டுகள் இருப்பது உன் கட்டடத்தில், உன் பிரிவில், உன் பொறுப்பில். அவற்றைச் சோதிக்க அனுமதி கேட்டு ஒரு வருடம் தாண்டிவிட்டது. கம்பெனியின் சார்பில் அவளுக்கு வழிகாட்டி நீ என்று காகிதத்தில் இருக்கிறது.

கூட்டத்தில் கையைத் தூக்கினாள். "சார், நான் வர ரெடி. கதவை எப்ப தொறப்பீங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்து, "நல்ல கேள்வி" என்று சொல்லித் தண்ணீர் குடித்தார். அவ்வளவுதான் பதில்.

கதிர்வீச்சே படாத எஃகை உடைத்து உடைத்துப் பழகுகிறாள். இனி உடைக்க எங்கள் ஆய்வகத்தில் நாற்காலிக் கால்தான் பாக்கி. அவள் அம்மா எனக்கு போன் செய்து, "மேடம், இவ படிப்பு முடியுமா முடியாதா, ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்று கேட்கிறார். ஆபரேஷன் அறைக்கு வெளியே நிற்பவர்கள் கேட்கிற குரலில் கேட்கிறார்.

ஏதாவது செய்.

கோபம் பாதி, பிரியம் பாதியாக,
வாயாடி


பிப்ரவரி 21

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷமா?

கதவை நான் சாத்திவைத்திருப்பதுபோல் எழுதியிருக்கிறாய். முதலில் அவள் பின்னணியை விசாரிக்கும் பாதுகாப்புச் சரிபார்ப்பு நடந்தது. அது முடிந்தபோது சோதனை அறையின் காற்றோட்டம் பழுது. அது சரியானதும் அவளுடைய பாதுகாப்புச் சரிபார்ப்பு காலாவதியாகிவிட்டது என்றார்கள். நான் ஒவ்வொரு மேசையாகப் போய் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். உனக்குத்தான் தெரியுமே, எனக்குப் பல்லைக் காட்ட வராது.

என் பக்கத்தையும் கேள். போன தடவை நீ அனுப்பிய பையனை எத்தனை பாடுபட்டுப் பழக்கினேன். கணினியில் புலி, கையில் எலி. அவன் கை நிதானத்துக்கு வரவே ஒரு வருடம் ஆனது. பட்டம் வாங்கிய கையோடு ஒரு வங்கிக்குக் கணக்குப் போடப் போய்விட்டான். "அங்க சம்பளம் நல்லாருக்கு மேடம்" என்று இனிப்பு கொடுத்துவிட்டுப் போனான். மேலாளர் அதை இன்னும் குத்திக்காட்டுகிறார்: "பழக்கி வங்கிக்கு அனுப்பவா நாம இருக்கோம்?"

இருந்தாலும் கையெழுத்து வாங்கிவிட்டேன். அடுத்த மாதத் தொடக்கத்தில் அவளை அனுப்பு. சிரிக்காத வாசல் காவலரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று சொல். அவர் என்னைப் பார்த்தும் சிரித்ததில்லை.

உன்,
அழுத்தக்காரி


ஏப்ரல் 18

அன்புள்ள வாயாடிக்கு,

உன் பெண்ணைப் பற்றி நீ கேட்கும் முன்னால் எழுதிவிடுகிறேன்.

நாம் மாணவிகளாக இருந்தபோது பழகிய சோதனை அறை உனக்கு மறந்திருக்காது. ஒரு முழத்துக்கு மேல் தடிமனான மஞ்சள் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் எஃகுத் துண்டுகள், இந்தப் பக்கம் நாம். நடுவில் சுவரைத் தாண்டிப் போகும் இரண்டு இயந்திரக் கைகள். முதல் நாள் கேள்விக்குறி ஒரு துண்டை எடுக்கப்போய்க் கீழே போட்டாள். அது மேசைக்கு அடியில் உருண்டுவிட்டது. திரும்ப எடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அழுவாள் என்று பார்த்தேன். "மேடம், கையில கனம் தெரியாதப்ப, புடிச்சிருக்கோம்னு எதை வச்சு நம்புறது?" என்று கேட்டாள். நான் இத்தனை வருடம் செய்கிற வேலை, இப்படி யோசித்ததே இல்லை. "கண்ணை வச்சு" என்றேன். அன்றிலிருந்து அவள் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. இப்போது என் பிரிவில் அவளைவிட நிதானமான கை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்திருந்தேன். என் மகள் அவளிடம், "எங்கம்மாவுக்கு வேலையே கண்ணாடியப் பாக்கறதுதான்" என்றாள். "எனக்கும் அதேதான்" என்றாள் இவள். இரண்டும் சேர்ந்துகொண்டு என்னைக் கிண்டல் செய்தன.

இனி வேலை விஷயம். எஃகு, எங்கள் பழைய அட்டவணை சொல்வதைவிடக் கொஞ்சம் வேகமாக உறுதி இழக்கிறது. ஆபத்தான அளவு இல்லை, எல்லைக்குள்தான். ஆனால் அடுத்தடுத்த பரிசோதனைகளைச் சீக்கிரமாக வைக்க வேண்டியிருக்கும். நானும் கூட உட்கார்ந்து வேறு துண்டுகளையும் உடைத்துப் பார்த்தேன். முடிவு மாறவில்லை. போன வாரக் கூட்டத்தில் இவள் மேலாளரிடம், "சார், அட்டவணையில இந்த எண் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டுவிட்டாள். அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

வெளியிட அனுமதி கேட்டுக் கம்பெனிக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம். அது இல்லாமல் அவள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது என்று தெரியும். பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
அழுத்தக்காரி


ஜூலை 3

அழுத்தக்காரிக்கு,

'பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதியிருந்தாய். நன்றாகப் பார்த்துக்கொண்டாய்.

குழுவின் பதில் இன்று வந்தது. 'மறு உத்தரவு வரை நிறுத்திவைக்கப்படுகிறது.' அடியில் உன் கையெழுத்து. எத்தனை வருடமாகப் பார்க்கிற கையெழுத்து, அடையாளம் தெரியாதா எனக்கு?

அதே தபாலில், கேள்விக்குறிக்கு உங்கள் கம்பெனி வேலை கொடுக்கிறது என்று இன்னொரு காகிதம். பட்டம் இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம், உடனே சேரலாமாம். ஒரு கையால் ஆய்வேட்டை அமுக்கிவிட்டு மறு கையால் ஆளை இழுக்கிறீர்கள். நான்கு வருடம் நான் வளர்த்த பெண். நிதானமான கை வேண்டும் என்றால் கை மட்டும் போதுமா உங்களுக்கு? கேள்வி கேட்கிற வாய் வேண்டாமா?

அவளை விலைக்கு வாங்கப் பார்க்கிறாய். இதை நீ செய்வாய் என்று நான் நினைக்கவில்லை.

வாயாடி


ஜூலை 12

வாயாடி,

'அன்புள்ள' என்று எழுதினால் நீ கிழித்துப்போடுவாயோ என்று விட்டுவிட்டேன்.

குழுவில் என்ன நடந்தது என்று எழுதுகிறேன். மேலாளர் மறுத்துவிடவே சொன்னார். "இது வெளிய போனா ஆளாளுக்குக் கேள்வி கேப்பாங்க. நமக்கு எதுக்கு?" என்றார். மறுத்துவிட்டால் கதை முடிந்தது. துண்டுகள் பெட்டிக்குள் போய்விடும், இவளும் வெளியே போய்விடுவாள். நிறுத்திவைத்தால் மறுபடி எடுக்கலாம். வாதாடி வாதாடி, மறுப்பை நிறுத்திவைப்பாக மாற்ற மட்டும்தான் என்னால் முடிந்தது. அதற்குத்தான் கையெழுத்து.

வேலை நான் கேட்டு வாங்கியது. உதவித்தொகை இந்த மாதத்தோடு நிற்கிறது என்று அவளே சொன்னாள். அனுமதி வரும்வரை அவள் எதை வைத்து வீட்டு வாடகை கொடுப்பாள்? உள்ளே இருந்தால் ஆய்வேட்டையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

உன்னிடம் முன்பே சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது என்பது உனக்குத் தெரியும். ஆனால் விலைக்கு வாங்கினேன் என்று எழுதினாய் பார், அந்த வரியை என் வீட்டுக்காரர்கூடப் படித்துவிட்டு, "இவங்க உன் ஃபிரெண்டுதானே?" என்று கேட்டார்.

அழுத்தக்காரி


ஆகஸ்ட் 1

அழுத்தக்காரிக்கு,

நேற்று கேள்விக்குறி என் அறைக்கு வந்தாள். உன் கடிதத்தில் இருந்ததை எல்லாம் அவளிடம் சொன்னேன். நான் எழுதியதையும் சொன்னேன். குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம், நீங்க ரெண்டு பேரும் என்னைப் பத்தி லெட்டர் போட்டுக்கிறீங்க. யாராச்சும் என்னைக் கேட்டீங்களா?"

"சரி, இப்ப கேக்குறேன். என்ன செய்யப்போற?"

"ஆஸ்பத்திரியில கேன்சர் சிகிச்சைக்குக் கதிர்வீச்சு மெஷின் இருக்கில்ல, அதைப் பாத்துக்கிற வேலை. அடுத்த வாரம் சேர்றேன்."

"இத்தனை வருஷம் எஃகு படிச்சிட்டா?"

"கதிர்வீச்சும்தானே படிச்சேன்? அங்க இன்டர்வியூவில மூணு கேள்வி கேட்டேன் மேடம். மூணுக்கும் அப்பவே பதில் சொன்னாங்க."

சந்தேகக் கண்ணோடு நான் கத்திக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்காமல் நீ காப்பாற்றிக்கொண்டிருந்தாய். அதற்குள் அந்தப் பெண் தன் வழியைப் பார்த்துக்கொண்டாள். அம்மாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். "அம்மாதான் ரொம்ப சந்தோஷப்பட்டாங்க" என்றாள். அது இன்னும் சுருக்கென்றது.

அவள் மேசையில் உடைத்துப் பழகிய துண்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. எடுத்துப்போட மனம் வரவில்லை.

வாயாடி


நவம்பர் 14

அன்புள்ள வாயாடிக்கு,

கிழித்தாலும் சரி, இந்தத் தடவை 'அன்புள்ள' போட்டுவிட்டேன்.

அனுமதி வந்துவிட்டது. ஒரு பத்தியை மட்டும் நீக்கச் சொல்லியிருக்கிறார்கள், முடிவுகள் அப்படியே இருக்கின்றன. குழு மறுபடி கூடியபோது, "இந்த எண்களுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார்கள். எழுந்து நின்றேன். "பக்கத்துல உக்காந்து பாத்தது நான். எண்கள் சரி. தப்புன்னா என்னைக் கேளுங்க" என்றேன். என் வாயிலிருந்து மூன்று வாக்கியம் சேர்ந்தாற்போல் வந்ததில் மேலாளருக்குத்தான் அதிர்ச்சி.

அனுமதியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போனேன். வெள்ளைக் கோட்டு போட்டு, கழுத்தை வளைத்துக்கொண்டு, ஒரு வயதானவரிடம் மெஷினைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் கேள்வி கேட்க, இவள் பதில் சொன்னாள். அனுமதியை வாங்கிப் படித்தாள். "லீவு நாள்ல எழுதி முடிச்சிடுறேன் மேடம். ஆனா அங்க திரும்பி வரமாட்டேன்" என்றாள். காபி வாங்கிக் கொடுத்தாள். கோபமே இல்லை அவளிடம். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த வருடத்துக்கு இரண்டு மாணவர்கள் வேண்டும் என்று மேலாளர் உனக்கு எழுதப்போகிறார். அனுப்பாதே. என்ன வந்தாலும் முடிவை வெளியிடலாம் என்று கம்பெனி முன்கூட்டியே கையெழுத்துப் போட்டால்தான் பிள்ளைகள் உள்ளே வருவார்கள் என்று சொல்லிவிட்டேன். "அப்ப யாரும் வரமாட்டாங்க" என்றார். "வரவேண்டாம்" என்றேன். அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எனக்கு அதில் நஷ்டமில்லை.

சோதிக்க வேண்டிய துண்டுகள் வரிசையாகக் காத்திருக்கின்றன. கண்ணாடி முன்னால் நான் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். கூட உட்கார்ந்து எண்ணைச் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும். விடுமுறையில் நீயே வாயேன். மேடையேறிப் பேசத் தொடங்கும் முன்னால் உனக்கும் நிதானமான ஒரு கை இருந்தது.

உன்,
அழுத்தக்காரி


நவம்பர் 25

அன்புள்ள அழுத்தக்காரிக்கு,

கிழிக்கவில்லை. என் வீட்டுக்காரருக்குப் படித்துக்கூடக் காட்டினேன்.

விலைக்கு வாங்கினாய் என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வாய் நீளம். என்ன செய்ய?

உன் மேலாளரின் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்ட உறுதிமொழி வந்தால் பிள்ளைகள் வருவார்கள் என்று பதில் போட்டிருக்கிறேன். துறைத்தலைவர், "இதனால நம்ம திட்டமே நின்னுபோகும்" என்று குதிக்கிறார். நிற்கட்டும். இரண்டு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒருத்தி எழுந்து போய்விட்டாள். ஒருவன் யோசிக்கிறேன் என்றான்.

விடுமுறையில் வருகிறேன். கை இப்போது எப்படி இருக்கிறது என்று எனக்கே தெரியாது, துண்டைக் கீழே போட்டால் நீ சிரிக்கக் கூடாது. பாதுகாப்புச் சரிபார்ப்புக்கு என் ஆவணங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்கு அனுமதி கிடைக்க எத்தனை வருடம் ஆகும் என்று மட்டும் எழுது. ஓய்வு பெறும் தேதியை அதற்குத் தோதாகப் பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
வாயாடி