கல்யாணமும் என் வயிறும்

டிசம்பர் 29, திங்கள்
வலையிலிருந்து மீன் பிரிக்க உட்கார்ந்தவள் வயிறு வலித்துப் பாதியில் எழுந்து கக்கூஸுக்கு ஓடினேன். போய்வந்ததும் வலி குறைந்தது. ஒரு வருஷமாக இதே கதை. பக்கத்து வீட்டுக் காசியம்மாள் வயிற்றில் புற்று வந்து செத்துப்போனாள். எனக்கும் அதுதானோ? தையில் கல்யாணம். தேவேந்திரனை ஏமாற்றுகிறேனோ?

டிசம்பர் 31, புதன்
கல்யாணத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அம்மா அழுதாள். முதலில் டாக்டரைப் பார்க்கலாம், நாளன்னிக்குக் கடலுக்குப் போகவில்லை என்றார் நைனா.

ஜனவரி 2, வெள்ளி
பொன்னேரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேலைகூட மாற்றவில்லை. உடனே எழுதணும்!

டாக்டரம்மா கேட்டுக்கொண்டே போனார். வாராவாரம் வலிக்கிறதா, வெளிக்குப் போனால் குறைகிறதா, போகும் தடவை மாறியிருக்கிறதா, ஒருநாள் தண்ணீராக, ஒருநாள் கெட்டியாகப் போகிறதா. எல்லாம் ஆமாம். கூடவே இருந்து பார்த்தவர் மாதிரி எப்படிக் கேட்கிறார்? பிறகு, ரத்தம் போகிறதா, எடை குறைந்ததா, தூக்கத்தில் வலி எழுப்புகிறதா, ரத்த உறவில் யாருக்காவது குடல் நோய் உண்டா. எல்லாம் இல்லை. காசியம்மாள் உறவில்லையே!

வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தது. இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்றார். குடல் சட்டென்று முறுக்கிக்கொள்கிற தொந்தரவாம். ஸ்கேன் வேண்டாமா என்றேன்.

"இது ஸ்கேன்ல தெரியாதும்மா. நீ சொல்ற அறிகுறிய வச்சுத்தான் கண்டுபிடிக்கிறோம். உயிருக்கு ஆபத்தில்ல. ஆனா உன் வலி நெசம்."

நெசம். வேலைக்குப் பயந்து நடிக்கிறேன் என்று ஊரே சொன்னதே! பஸ்ஸில் நைனா ஜன்னல் பக்கம் திரும்பித் துண்டால் முகம் துடைத்தார்.

ஜனவரி 3, சனி
தேவேந்திரனுக்குப் போன் செய்தேன். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலையில் இருந்தார். எல்லாம் சொன்னேன் — வெட்கத்தைவிட்டு, கக்கூஸ் வரைக்கும். முழுசாகப் போகாது, மாத்திரையோடும் சாப்பாட்டுக் கவனத்தோடும் சமாளிக்கணும் என்பதையும். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன்.

"இன்னா ஜமுனா, இதுக்கா கல்யாணம் வேணாம்னு சொன்ன? எங்க கக்கூஸ் தோட்டத்துக் கோடில கீது. கொத்தனாரக் கூப்ட்டு வூட்டுக்குள்ளயே ஒண்ணு கட்டிடறேன்."

நடுவீட்டில் நின்று சிரித்தேன். அம்மா பயந்தே போனாள்.

ஜனவரி 19, திங்கள்
வலித்தது. மாத்திரை போட்டேன். மீன் பிரிக்கப் போனேன்.

பிப்ரவரி 7, சனி
நேற்று முகூர்த்த நேரத்தில் வயிறு பிசைந்தது. பட்டுச்சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். சிநேகிதி சுபஸ்ரீ கதவுக்கு வெளியே காவல். திரும்பி வந்தபோது மணவறையில் தேவேந்திரன் ஐயர் பக்கம் குனிந்து, "கொஞ்சம் இழுத்து ஓதுங்க சாமி," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மந்திரம் முடியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.