சூறை உண்ணாத சோறு

மேகம் தங்கும் குறும்பொறை நாட்டின் வேந்தர் நெடுங்கோவேளின் திருவாய்மொழிப்படி, பேரமைச்சன் பூதநந்தி, வடவாயில் கோட்டைத் தலைவர் மாறன்காரிக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டை மதில் சாயாதிருக்க, வாள் துருவேறாதிருக்க.

வருகிற பௌர்ணமியன்று தலை வாங்குவதற்காகத் தாங்கள் சிறையில் வைத்திருக்கும் கோடனின் விலங்கை, இந்த ஓலை கண்டவுடன் கழற்றுக. காரணத்தைக் கழற்றிய பிறகு படித்துக்கொள்ளலாம்.

ஆற்றங்கரைச் சண்டையில் பின்னங்காலில் அம்பு தைத்து, கோடன் வளர்த்த படைநாய் சூறை எதிர்க்கரை மருதந்துறையார் கையில் சிக்கியதும், அவன் யாரிடமும் விடை பெறாமல் ஆற்றை நீந்திப் பகைவரிடம் போனதும், பன்னிரண்டாம் நாள் நாயோடு தானாகவே திரும்பி வந்ததும் தாங்கள் அறிந்தவை. அங்கே என்ன நடந்தது என்பதை மருதந்துறை அரசியாரின் தூதர் நேற்று அவையில் வந்து சொன்னார்.

பிடிபட்ட நாய் ஐந்து நாள் உண்ணவில்லையாம். நெய்ச்சோறு வைத்தார்கள், ஆட்டுக்கறி வைத்தார்கள். அரசியாரே வெள்ளிக் கிண்ணத்தில் பால்சோறு வைத்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். தம் சமையலை மறுத்த முதல் உயிர் இதுவே என்று மடைப்பள்ளித் தலைவர் மனம் நொந்தபோது, இரண்டாவது என்று அவர்கள் அரசர் திருத்தினாராம்.

நம் படைநாய்களின் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. பகைவர் நஞ்சு வைப்பார்கள் என்றஞ்சி, வளர்ப்பவன் காதில் ஒரு சொல்லைச் சொன்ன பிறகே உண்ணும்படி பழக்குகிறோம். அந்தச் சொல் அவன் ஒருவனுக்கே தெரியும். நாய் பட்டினி கிடக்கும் செய்தியை உப்பு வணிகர் சொல்லக் கேட்ட கோடன், தலைநகருக்கு வந்து விடை பெற்றுப் போவதற்குள் அது செத்துவிடும் என்று கணக்கிட்டு ஆற்றில் இறங்கினான். ஆயுதமின்றிப் போனான். வந்தால் உயிர் போகுமே, தெரியாதா என்று அவர்கள் கேட்டபோது, முதலில் நாய் சாப்பிடட்டும், அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றானாம்.

சொல்லை எங்கள் நாய்க்காப்பாளரிடம் சொல்லிவிட்டு இன்றே திரும்பிப் போ, உன் ஊரில் யாருக்கும் தெரியாது என்று அவர்கள் ஆசை காட்டினார்கள். அது தன்னுடைய சொல் அல்ல, தன் அரசரின் படைக்குரியது என்று மறுத்தான். நாயின் கால் தேறும்வரை பதினொரு நாள் அங்கேயே தங்கி, வேளைதோறும் குனிந்து அதன் காதில் சொன்னான். வைக்கோலுக்குப் பின்னால் ஆள் வைத்து ஒட்டுக் கேட்டும் தம் ஆட்களுக்கு வாய்த்தது நாயின் உறுமல்தான் என்று தூதரே வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார்.

சொல்லைப் பகைவருக்கு விற்றான் என்றல்லவா மரண தண்டனை விதித்தோம், விற்றவன் பதினொரு நாள் ஏன் தங்க வேண்டும் என்று நம் வேந்தர் அவையைக் கேட்டார். மரண ஓலையில் முத்திரையிட்ட நாளிலிருந்து சரியாக உண்ணாதிருந்த வேந்தர், அதன் பிறகுதான் இலை போடச் சொன்னார். யாமும் உடன் உண்டோம்.

தாங்கள் சென்ற ஓலையில், கோட்டைக் கொட்டிலில் கட்டிவைத்த நாயும் சோற்றைத் தொடவில்லை, பகைவர் அதைக் கெடுத்துவிட்டார்கள் போலும் என்று எழுதியிருந்தீர்கள். அதை யாரும் கெடுக்கவில்லை, தலைவரே. அதன் காதில் பேச வேண்டியவன் தங்கள் சிறையில் இருக்கிறான்.

ஆகவே, விடை பெறாமல் ஆறு கடந்த குற்றத்துக்குக் கோடன் ஒரு மாதம் வாயிற்காவல் கூடுதலாக நிற்க. நாயும் உடன் நிற்க. இனி ஒவ்வொரு படைநாயின் சொல்லையும் வளர்ப்பவனோடு இன்னொருவனும் அறிந்திருக்க.

இந்த ஓலை வரும் வழியில் மூன்று குதிரைகள் மாறும்; எங்கும் தங்காது. இதைப் படித்து முடித்ததும் கொட்டிலுக்கு ஆளனுப்பி நாயை அவிழ்த்துவிடுக. அது எங்கே ஓடும் என்று காட்டத் தேவையில்லை. கையில் சோற்றுச் சட்டியோடு பின்னால் செல்க. அவன் குனியும்போது மட்டும் எல்லோரும் எட்ட நிற்க.

மலைப்புலி முத்திரை இட்டோம். இது வேந்தர் ஆணை.