ஏல நோட்டீசுக்குப் பசை பிடித்தவன்

1932 ஆகஸ்ட், செவ்வாய் இரவு

வெளியே தெரிந்தால் ஜெலுத்தோங் ஊரே சிரிக்கும். காலையில் கோர்ட்டுப் பியூன் எங்கள் கதவில் இங்கிலீஷ் நோட்டீஸ் ஒட்டினான். நாடக விளம்பரம் என்று நினைத்துப் பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். படித்துப் புரிந்தவன் மாதிரி தலையை வேறு ஆட்டினேன்.

ஆபீசில் கணக்கெழுதும் எதிர்வீட்டுக் கிராணிதான் படித்துவிட்டு, "வீடு லேலாங் போகுதுண்ணே, ஏலம் போடப்போறாங்க, ஒரு மாசத்துல காலி பண்ணணும்" என்றார்.

வீட்டுக்காரர் ராவுத்தர் வீட்டைச் செட்டியாரிடம் அடமானம் வைத்துவிட்டு வட்டியே கட்டவில்லையாம். மாதம் பிறந்தால் என்னிடம் மட்டும் வாடகைக்குத் தவறாமல் வந்து நிற்பாரே, அந்தப் பணத்தை எந்தக் கடலில் கொட்டினார்?

மனைவி சும்மா இருப்பாளா? "வீடு வாங்குறவன் முட்டாள், வாடகைக்கு இருக்கிறவன் ராஜான்னீங்களே! ராஜா இனி எந்த அரண்மனைக்குப் போறாரு?"

சாயந்தரம் ராவுத்தரே வந்தார். வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டேன். "நான் குடியிருந்த வீட்டையும் பிடுங்கிட்டாங்கண்ணே" என்றார். அதற்காக விட்டுவிடுவதா? பிள்ளைகுட்டியோடு நான் எங்கே போய் நிற்பது? நாளைக்கே நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்காமல் விடப்போவதில்லை.

கூடத்தில் ராவுத்தர் விடும் குறட்டையில் எழுத்தே ஓடவில்லை. பாய் விரித்துக் கொடுத்தவன் நான்தான்.