நானே படித்து அழுத்திய ‘ஆம்’

செவ்வாய்க்கிழமை, இரவு.

காலையில் மருமகள் புவனாவின் கம்ப்யூட்டரில் தமிழில் ஒரு வரி வந்தது. “புதுப்பிப்பு தயார். இப்போதே நிறுவலாமா?” இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுவரும் நான், யாருடைய உதவியும் இல்லாமல் முழுதும் படித்துவிட்டேன். ஒரே சந்தோஷம். கீழே ‘ஆம்’ என்று இருந்தது. அதையும் படித்தேன், அழுத்தினேன்.

சாயங்காலம் நெட் வரவில்லை. யூ.எஸ்.பி.யில் சொருகும் சின்ன அடாப்டரில் விளக்கே எரியவில்லை. நாளைக் காலை கம்ப்யூட்டரில்தான் அவளுக்கு வேலைக்கான நேர்காணல். தன் தம்பிக்குப் போன் போட்டு விவரம் கேட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

“மாமா, யாராச்சும் அப்டேட் குடுத்தீங்களா? கெர்னல்னு உள்ள இருக்கிற மெயின் புரோகிராம் மாறியிருந்தா, இந்த அடாப்டரை இயக்குற டிரைவர் புரோகிராம் வேலை செய்யாதாம். பழைய கெர்னல்ல திறந்தா சரியாயிடுமாம்.”

“எனக்கு எங்கம்மா அதெல்லாம் படிக்கத் தெரியும்?”

“அதானே! நீங்க போர்டு படிச்சு முடிக்கிறதுக்குள்ள பஸ்ஸு காரைக்கால் போயிடுது” என்று சிரித்தாள். அடாப்டர்தான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்துவிட்டாள்.

படிக்கத் தெரியாது என்று இத்தனை வருஷமாகச் சொன்னேன். அப்போதெல்லாம் அது உண்மை. இன்றுதான் பொய்.

அவள் இன்னும் அதைக் கழற்றிக் கழற்றிச் சொருகிக்கொண்டிருக்கிறாள். எழுந்து போய்ச் சொல்லிவிடுகிறேன். திட்டட்டும். நானே படித்துத்தான் அழுத்தினேன் என்றால் அவள் நம்ப வேண்டுமே!