கழுவுகிறவர்களுக்கும்

என் பிரியமான பவளம் அக்காவுக்கு,

நீ போய் ஏழு வருஷம் ஆகிறது. நான் தட்டச்சு வேலை பார்க்கும் சுகாதார அலுவலகத்தில் போன மாதம் ஒரு வம்பு பண்ணிவிட்டேன். நீ இருந்திருந்தால் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் பிறகு சிரித்திருப்பாய்.

பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் நாம் ஈப்போவுக்கு வந்தோமே, ஞாபகம் இருக்கா? இங்கே ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் உனக்குக் கண்ணாடி கழுவும் வேலை கிடைத்தது. தோட்டத்தில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்த மாதிரியே, கிருமி வளர்த்த தட்டையும் விரலை விட்டு வழித்தாய். அதையும் மங்கு என்றுதான் சொல்வாய். கையுறை போடு என்றால், "டேய், பத்து வயசுலேர்ந்து மங்கு தொடச்ச கை லா இது. என்னா வந்துடப் போவுது?" என்றாய்.

டைபாய்டு வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. தட்டில் என்ன இருக்கிறது என்று உன்னிடம் ஒருத்தரும் சொன்னதில்லை. கடைசியில், கையுறை போடாத தப்பு உன் மேல்தான் என்றார்கள் கூடத்துக்காரர்கள். அது இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.

இப்போது கேள். நோய்க்கிருமியைக் கையாளும் இடங்களுக்கெல்லாம் நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் எழுதுகிறார்கள். அதன் வரைவு எங்கள் கருத்துக்காக வந்தது. எங்கள் அலுவலக டாக்டர் மீனாட்சி திருத்தித் தந்ததை நான் மலாய் மொழியில் அடித்துக்கொண்டிருந்தேன். பாதுகாப்பு யாருக்கு என்ற இடத்தில், "பயிற்சி பெற்ற ஆய்வுக்கூட ஊழியர்களுக்கு" என்றிருந்தது. நீ எந்தக் காலத்தில் பயிற்சி பெற்றாய்?

கேட்காமல் கொள்ளாமல், "கழுவுகிறவர்களுக்கும்" என்று சேர்த்து அடித்துவிட்டேன்.

டாக்டர் கண்ணில் பட்டுவிட்டது. "தம்பி, நீங்க டைப் அடிக்க வந்தீங்களா, சட்டம் எழுத வந்தீங்களா?"

வேலை போச்சு என்றே நினைத்தேன். "எங்கக்கா கழுவுறவங்க, டாக்டர்" என்றேன். வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன், அக்கா.

"உக்காருங்க. மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார். கேட்டு முடித்ததும் நான் சேர்த்ததை வெட்டாமல் விட்டு, தன் கையால் இன்னொரு வரியும் எழுதினார். எந்தத் தட்டையும் அவித்துக் கிருமியைக் கொன்ற பிறகுதான் கழுவக் கொடுக்க வேண்டும். "கையுறைய மறந்துடுவாங்க. செத்த கிருமி ஒண்ணும் செய்யாது லா" என்றார்.

இரண்டு வரியும் கோலாலம்பூருக்குப் போயின. நேற்று பதில் வந்தது, குழு ஏற்றுக்கொண்டதாம்! இன்னும் எத்தனை மேசை தாண்ட வேண்டுமோ, சட்டமாக எத்தனை வருஷம் ஆகுமோ. இருந்தாலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "அப்ப எம்புள்ள மேல தப்பில்லன்னு எழுதிட்டாங்களாய்யா?" என்று கேட்டாள். ஆமாம்மா என்றேன். நான் சொன்னது பொய்யா, அக்கா?

சட்டம் வரட்டும் என்று நான் காத்திருக்கப் போவதில்லை. இந்த ஊரில் கண்ணாடி கழுவும் பெண்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, இரண்டு வரியையும் தமிழில் படித்துக் காட்டுவேன். இனி ஒருத்தி தட்டைத் தொடுமுன், எதிரே நிற்பவர் எவ்வளவு பெரிய ஆளானாலும், "அவிச்சாச்சா?" என்று கேட்பாள். கேட்க வைப்பேன். இது சத்தியம்.

உன் தம்பி,
சேகர்