இரண்டாவது டிக்

பிப்ரவரி 4

அன்புள்ள பெட்டி அண்ணாவுக்கு,

வாலு எழுதுகிறேன். அண்ணன் வைத்த அந்தப் பெயரைச் சொன்னால்தான் உங்களுக்கு என்னைத் தெரியும். அம்மா சுகம். எனக்கும் குறையில்லை. பள்ளி வேன் ஓட்டுகிறேன், பதினொரு பிள்ளைகள், பதினொரு விதமான வம்பு.

அண்ணன் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. நீங்கள் அடக்கத்துக்கு வருவீர்கள் என்று அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வருடம் அவனோடு மேடை மேடையாக அலைந்தவர், அவன் கிட்டாரின் சத்தத்தை மாற்றும் எஃபெக்ட் பெட்டிகள் செய்து கொடுத்தவர், ஒரு வரி எழுதவில்லை. சரி, சண்டை போட இதை எழுதவில்லை.

அவன் பாதியில் விட்ட பாட்டை நான் வாசித்துப் பதிவு செய்யலாம் என்று கிட்டாரை எடுத்தேன். நீங்கள் செய்த இரண்டு ஓவர்டிரைவ் பெட்டிகளையும், பழுப்பையும் பச்சையையும், அவன் வைத்திருந்த மாதிரியே ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தேன். ஒன்றை மட்டும் போட்டால் தேன். இரண்டையும் போட்டால் ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் ஒரு ‘டிக்’. யாரோ நகத்தால் மேசையைத் தட்டுகிற மாதிரி. கீழ்வீட்டுக்காரர் வந்து, “குழாய் ஒழுகுதாம்மா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

எப்படிக் குறைப்பது? போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். கடிதமாவது எழுதுங்கள்.

அன்புடன்,
வாலு


பிப்ரவரி 13

அன்புத் தங்கைக்கு,

போனை எடுக்காததற்குக் கோபித்துக்கொள்ளாதே. முதல் தடவை எடுத்தேன். நீ “அண்ணா” என்றாய். அவன் குரல் அப்படியே உன் தொண்டையில் இருக்கிறது. வைத்துவிட்டேன். அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். மீட்டும் வில்லை, அந்தப் பிக், கம்பியில் படும் சத்தம் எப்போதும் இருப்பதுதான், ரொம்பச் சிறியது. முதல் பெட்டி எல்லாவற்றையும் தூக்கிவிடுகிறது. அது தூக்கியதை இரண்டாவது பெட்டி இன்னொரு முறை தூக்குகிறது. பெரிய சத்தம் ஓர் அளவுக்கு மேல் போக முடியாமல் முட்டி நிற்கும். சின்னச் சத்தம் மேலே வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். உன் ‘டிக்’ அதுதான்.

பழுப்புப் பெட்டியில் கெயின் குமிழைக் கால்பங்குக்குக் கீழே இறக்கு, வால்யூமை ஏற்று. பச்சையில் டோனை இடது பக்கம் திருப்பு. மெல்லிய பிக்கைத் தூக்கிப் போடு. தடித்தது, முனை மழுங்கியது வாங்கு. அதைச் சாய்க்காமல் கம்பிக்கு நேராகப் பிடி, சாய்த்தால் சுரண்டும். கழுத்துப் பக்கமாகத் தள்ளி வாசி.

அடக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அன்று நான் கிளம்பினேன். பேருந்து நிலையம் வரை வந்தேன். அதற்கு மேல் இப்போது எழுதத் தெரியவில்லை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

பெட்டி


பிப்ரவரி 24

பெட்டி அண்ணாவுக்கு,

நீங்கள் சொன்னதை அப்படியே செய்தேன். முக்கால்வாசி போய்விட்டது! கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் பார்த்து, “பிளம்பர் வந்தாச்சு போல” என்றார்.

மிச்சம் இருக்கிற கால்வாசிதான் என்னைத் தின்கிறது. இப்போது முதல் ‘டிக்’ அடங்கிவிட்டதா, அதன் பின்னால் இன்னொன்று இருப்பது தெரிகிறது. நான் ஒரு தடவைதான் அடிக்கிறேன். இரண்டு தடவை கேட்கிறது. எல்லாச் சுரத்துக்கும் இல்லை, நாலைந்தில் ஒன்றுக்கு. பெட்டிதான் பழுது என்று நினைத்து அண்ணனின் கடைசிப் பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். அவனுக்கும் அதே மாதிரி. அதே இரட்டை.

சிரிக்காதீர்கள். வேனிலும் அது கேட்கிறது. பள்ளி வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு மணியடிக்கக் காத்திருப்பேன். ஒரு சத்தமும் இருக்காது. அப்போது ‘டிக் டிக்’ என்று மெதுவாக. திரும்பிப் பார்த்தால் காலி இருக்கைகள். அவன் பின்னால் உட்கார்ந்து தாளம் போடுகிறான் என்றுதான் முதலில் தோன்றியது. பயமாக இல்லை அண்ணா. நாலைந்து நாள் துணையாகக்கூட இருந்தது. இப்போது அது இல்லாத நேரத்திலும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மெமரி கார்டு அனுப்புகிறேன். அண்ணன் வாசித்தது ஒன்று. நான் பெட்டி எதுவும் இல்லாமல் வெறும் கிட்டாரில் வாசித்தது ஒன்று. கேட்டுவிட்டு எந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள்.

வாலு


மார்ச் 6

தங்கச்சி,

நீ வாசித்ததை ஒன்பது தடவை கேட்டேன். பெட்டிகளில் பழுது இல்லை. பெட்டியே இல்லாமல் வாசித்ததிலும் அந்த இரண்டாவது சத்தம் இருக்கிறது. பிக் கம்பியை விட்டு விலகும் முன் திரும்பவும் தொடுகிறது. அது உன் கை.

உன் கையில் மோதிரம் இருக்கிறதா? வேனில் கேட்பது அது ஸ்டியரிங்கில் படுகிற சத்தமாக இருக்கும்.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ என்னைத் திட்டலாம்: வண்டியை ஓட்டாதே. இந்தக் கடிதம் கிடைக்கும் நாளிலிருந்து ஓட்டாதே. நரம்பு மருத்துவரைப் பார்.

அவன் போவதற்கு ஒரு வருடம் முன்பு என் பட்டறைக்கு வந்தான். “விரல் நிக்க மாட்டேங்குதுடா. ஒரு தடவை அடிச்சா ரெண்டு தடவை படுது. சில நேரம் பிடியே விட்டுப்போகுது” என்றான்.

“டாக்டரப் பாத்தியா?”

“பாத்தேன். குடும்பத்துல வர்றதாம். மேடையை விடுன்னாரு. அத விடு. மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடிச்சாலும் ஒரே மாதிரி கேக்கணும். அதுக்கு ஒரு வழி பண்ணு.”

பச்சைப் பெட்டியை அதற்குத்தான் செய்தேன். இரண்டும் சேர்ந்தால் பலவீனமான அடியும் பலமான அடியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். கூட்டத்துக்கு எதுவும் தெரியவில்லை. ‘டிக்’ மட்டும் கூடியது. அதைப் பற்றி நானும் அவனும் பேசிக்கொள்ளவே இல்லை. “வீட்ல மூச்சு விடாதே, முக்கியமா வாலுக்கு” என்று சத்தியம் வாங்கியிருந்தான்.

அவன் போன அன்று மத்தியானம் கச்சேரி முடிந்து சாமான்களை அவன் வேனில் ஏற்றினோம். “நான் ஓட்டுறேன், சாவியக் குடு” என்றேன். “கிட்டார்னாதான்டா நடுங்கும், ஸ்டியரிங்குக்கு நடுங்காது” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். வேனில் ஒருவருக்குத்தான் இடம் இருந்தது, நான் பின்னால் பேருந்தில் வந்தேன். நல்ல வெயில், காலியான சாலை, ஒரே ஒரு வளைவு. வேன் வளையவில்லை. காரணம் தெரியவில்லை என்று போலீஸ் எழுதியது. எனக்குத் தெரிந்திருந்தது. உன் அம்மாவின் முன்னால் வந்து, சிரித்த அந்த முகத்தோடு எப்படி நிற்பது?

உன் பதிவைக் கேட்டபோது ஒரு நிமிடம், ‘பச்சைப் பெட்டிதான் பழுது, அனுப்பிவிடு’ என்று எழுதிவிடலாமா என்று தோன்றியது. அதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஓட்டாதே.

பெட்டி


ஏப்ரல் 2

பெட்டி அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளி வாசலில், வேனுக்குள் உட்கார்ந்து படித்தேன். மணியடிக்க இருபது நிமிடம் இருந்தது. மோதிரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கையைப் பார்த்தேன். பிறகு மேலாளரைக் கூப்பிட்டு, “வேற ஆளை அனுப்புங்க” என்றேன். வந்தவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கடைசி இருக்கையில் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டேன். “ஆன்ட்டி, நீங்க ஏன் ஓட்டல?” என்று பதினொன்றும் கேட்டன. கடைசிப் பிள்ளை இறங்கும்வரை கூடவே போனேன்.

மருத்துவர் பார்த்துவிட்டார். அதேதான். மாத்திரை கொடுத்திருக்கிறார், நோயின் வேகத்தைக் குறைக்குமாம். வேன் போயிற்று. நிறுவனத்தின் அலுவலகத்தில் பிள்ளைகளின் பெயரைக் கணினியில் ஏற்றுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். பாட்டை முடிக்கவில்லை.

அம்மாவிடம் சொல்லப் பத்து நாள் ஆனது. அண்ணனுக்கும் இதுதான் இருந்தது என்றும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் துணி மடித்துக்கொண்டே, “தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“டம்ளர் எடுக்கும்போது பாத்திருக்கேன். உங்கப்பாவுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. கேட்டா அவன் மனசு உடைஞ்சிடும்னு கேக்கல. உன்கிட்ட சொன்னா நீ பயந்துடுவேன்னு சொல்லல.”

நீங்கள் சிரித்தீர்கள், அவள் துணி மடித்தாள். அண்ணன் எனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தபோதுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் என்மேல் பிரியமாகத்தான் இருந்திருக்கிறீர்கள்.

அந்தப் பதினொரு பிள்ளைகளுக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். பொய் எழுதிவிடலாமா என்று தோன்றியதை மறைக்காமல் எழுதினீர்களே, அதற்கும். ஆனால் பேருந்தின் ஜன்னலோரத்தில் நீங்கள் உட்கார்ந்து வருவது எனக்குத் தெரிகிறது. முன்னால் வேன் போய்க்கொண்டிருக்கிறது. எந்த நேரம் கண்ணை மூடினாலும் அது போய்க்கொண்டேதான் இருக்கிறது.

அம்மாவோடு நான்கு நாட்களாகப் பேசவில்லை. ஆனால் அவள் சமைத்ததைச் சாப்பிடுகிறேன், அவள் மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறேன். ஒரே வீடு, ஒரே அடுப்பு, என்றாவது ஒருநாள் வாய் தானாகப் பேசிவிடும். உங்களுக்கும் எனக்கும் அப்படி ஒரு வீடு இல்லை. இருந்தது இந்தக் கடிதங்கள்தான்.

இனி எழுத வேண்டாம் அண்ணா. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை